ஏழு விக்கெட்டும் ஒரு மிதியடியும்

1

1957 ஜனவரி 26, சனிக்கிழமை, பெங்களூர் கன்டோன்மென்ட் மைதானத்தில் இருந்தவர்கள்: வேகப்பந்து வீச்சாளன் தியோடர், என் தம்பி. அவனுடைய அணித்தலைவர் ஆராவமுதன். நடுவர் கோவிந்தப்பா. ஆடுகளத்தில் பாய் விரிக்கும் முனியப்பன். எதிரணியின் இடதுகை ஆட்டக்காரர் சவரிமுத்து. நைரோபியிலிருந்து வந்திருந்த மிஸ்டர் லோபோ. வேப்பமரத்தடியில் குடையுடன் ஞானம்மாள், அதாவது நான். மற்ற ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவர்களுக்கும் இந்தக் கதை தேவைப்படவில்லை, மதியச் சாப்பாட்டில்தான் கவனமாக இருந்தார்கள். இந்த ஏழு பேரைத் தவிர வேறு யாராவது "நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படிச் சொன்ன ஒருவரால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சென்ற மாதம் என்னோடு வேலை பார்க்கும் அல்போன்சாவின் மகள் கல்யாண விருந்தில், எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், நான் யாரென்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"தியோடரா? அந்த பாய்க்காரன் முனியப்பன் பாயில ஏதோ வெச்சுத் தெச்சு ஏழு விக்கெட் எடுத்துக் குடுத்தான்பா. அதப் பாத்து ஏமாந்துதான் ஆப்பிரிக்காவுக்கு இட்டுனு போனாங்க. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

நான் அங்கேயே எழுந்து மறுத்திருக்க வேண்டும். பிரியாணி வந்துவிட்டது. (ஒரு தட்டு பிரியாணிக்காகக் குடும்ப மானத்தை ஒத்திவைத்தாள் என்று யாரும் எழுத வேண்டாம். நானே எழுதிவிட்டேன்.)

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி வேலைக்கு அழைக்கப்பட்ட முதல் ஆள் தியோடர். திருட்டு விக்கெட்டைக் காட்டிப் போனவன் என்று அவனை ஊர் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். இப்போதைக்கு அதற்காக மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தங்கம் விளையும் பூமியிலே பிறந்த சிங்கம் ஒன்று—"

நிறுத்திவிட்டேன். தங்கம் பூமிக்கு அடியில் இருந்தது, அதை வெட்டி எடுத்தவர் எங்கள் அப்பா. எங்கள் வீட்டில் இருந்தது பித்தளை. சிங்கமும் இல்லை, சிறுவயதில் தியோடர் கோழியைக் கண்டு ஓடுவான்.

இரண்டாவது தொடக்கம்: "வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா இறந்தபோது தியோடருக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு." இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள். இது அந்த மாதிரிக் கதை இல்லை.

ஆகவே சுருக்கமாக அவனுடைய ஆட்ட வாழ்க்கை. சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய வெள்ளை மண், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருக்கும். சயனைட் மேடு என்போம். ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கும். அதில் ஓடி ஏறித்தான் தியோடரின் கால் உரமேறியது. 1947-இல், பத்தொன்பது வயதில், சுரங்க அதிகாரிகளின் அணிக்கு எதிராகப் பந்து வீசி ஐந்து பேரை வெளியேற்றினான். அதிகாரி ஒருவர் கைகுலுக்க வந்தபோது, தன் கையில் மண் இருக்கிறதென்று சட்டையில் துடைத்துக்கொண்டு பிறகு நீட்டினான். (அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்தவள் நான். பெருமையையும் கறையையும் ஒரே நாளில் பார்த்தேன்.) 1949-இல் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தொழிற்சாலை அணியில் இடம். எனக்குச் சிவாஜிநகர் அருகே ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியை வேலை. அக்காவும் தம்பியும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம்.

நான் எந்தப் பாடம் நடத்தினேன் என்பதை வேகமாகச் சொல்லிவிட்டுத் தாண்டப் பார்த்தேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

3

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அந்த நாளில் எங்கள் மைதானங்களில் புல்தரை ஆடுகளம் கிடையாது. இறுகிய மண்ணின்மேல் தென்னைநார்ப் பாயை விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். பாய் நன்றாக இறுகியிருந்தால் பந்து ஒழுங்காக எழும்பும். தொய்ந்திருந்தால் படுத்துக்கொள்ளும். பாய் விரிப்பவரின் கைதான் பாதி ஆட்டம். கன்டோன்மென்ட் முழுவதும் அதற்கு ஒரே பெயர்: தொம்மலூர் முனியப்பன்.

இந்தக் கதையை இதற்கு முன் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் பாயில் இருந்த கோளாறு எப்படி வந்தது என்றே நான் சொல்லவில்லை. இரண்டாம் வரைவில் எலி. மூன்றாம் வரைவில் ஒரு மாடு வந்து பாயை மிதித்தது. சிவாஜிநகர் மாடுகளுக்கும் மானம் உண்டு என்று தோன்றியதால் அதையும் அடித்துவிட்டேன்.

இனி வருவதைத் தியோடர் பக்கம் நின்று எழுதுகிறேன். அவன் எனக்குப் பிறகு சொன்னது, நான் மரத்தடியிலிருந்து பார்த்தது, இரண்டும் சேர்ந்தது.

4

காலை ஏழு மணிக்குத் தியோடர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"அக்கா, மிதியடி எங்க?"

"கழுவிக் காயப் போட்டிருக்கேன். கால உதறிட்டுப் போ."

உதறிவிட்டுப் போனான். அவன் மனதில் மிதியடி இல்லை, லோபோ இருந்தார். மங்களூர்க்காரரான லோபோ நைரோபியில் குடியேறியவர். அங்குள்ள ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு நல்ல வேகப்பந்து வீச்சாளர் ஒருவரை அழைத்துப்போக வந்திருந்தார். இளைஞர்களுக்குப் பயிற்சியும் தர முடிந்தால் நல்லது என்றிருந்தார். தியோடரைப் பற்றி அவரிடம் சொன்னவர் ஆராவமுதன்.

தியோடருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. அவனுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு வருடங்களாக வேகம் குறைந்துகொண்டிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் விக்கெட் கீப்பர் வழக்கத்தைவிட ஓர் அடி முன்னால் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார். வேகப்பந்து வீச்சாளனுக்கு அதைவிட மரியாதையான அவமானம் கிடையாது.

அன்று காலை மாதாகோயில் பக்கத்து முனையை நோக்கி ஓடிவந்து முதல் பந்தை வீசினான். பந்து பாயில் குத்தி ஆட்டக்காரரின் மூக்கை உரசிக்கொண்டு கீப்பரின் தலைக்குமேல் போனது. கீப்பர் மூன்று அடி பின்னால் போய் நின்றார்.

கோவிந்தப்பா நடுவர் என்பதையே மறந்துவிட்டார். "ஏனப்பா தியோடர், காலைல ராகி முத்தே உருண்டையா?"

"பன்னும் டீயும் சார்."

"நாளையிலிருந்து எனக்கும் அதே."

மதியத்துக்குள் எதிரணி நாற்பத்தொரு ரன்னுக்குச் சுருண்டது. தியோடருக்கு ஏழு விக்கெட், பத்தொன்பது ரன். லோபோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கைதட்டினார்.*

தியோடர் சிரிக்கவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையின் உயரம் தெரிவதுபோல், பத்து வருடம் பந்து வீசியவனுக்குத் தன் பந்து எவ்வளவு எழும்பும் என்று தெரியும். எழும்பியது அவன் பந்து இல்லை.

* லோபோ தொப்பி போட்டிருந்தாரா என்று எனக்கு நினைவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று நான்தான் போட்டேன். அவர் தலையில் உறுத்தினால் வாசகர்கள் கழற்றிவிடலாம்.

5

எல்லோரும் சாப்பிடப் போனதும் தியோடர் ஆடுகளத்துக்கு நடந்தான். மாதாகோயில் முனையில், பந்து விழுந்த இடத்தில் முழந்தாளிட்டு உள்ளங்கையால் தடவினான். கையில் ஒரு மேடு தட்டியது. இரண்டு தோசையை அடுக்கி வைத்த உயரம். பார்த்தால் தெரியாது.

"முனியப்பண்ணே, அந்தப் பக்கத்து ஆணியெல்லாம் பிடுங்குங்க."

இருவரும் பாயைப் புரட்டினார்கள். பாயில் ஒரு கிழிசல் இருந்திருக்கிறது. அதன் அடிப்பக்கம், வெளியே தெரியாதபடி, ஒரு சாண் சதுரத்தில் வேறொரு தென்னைநார்த் துண்டை வைத்து யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் மீன்முள் தையல், இரட்டை நூல், ஒரு கண்ணிகூடக் கோணவில்லை.

"இன்னா தம்பி இது? தலையாணிக்கு ஒற தெச்ச மாரி!" என்றார் முனியப்பன்.

தியோடர் அந்தத் துண்டின் ஓரத்தில் ஓடிய சிவப்புக் கரையைப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் கால் துடைக்கும் கரை. தையலையும் பார்த்தான். அது அவனுடைய தலையணை உறையில் இருந்த தையலேதான்.

சாப்பாட்டுக் கையோடு ஆராவமுதன் வந்துவிட்டார். "என்னப்பா அது? யார் பண்ணினது?"

தியோடர் வாயைத் திறந்தான்.

அப்போது வேப்பமரத்தடியில் நான் எழுந்து நின்றேன்.

(வேறொன்றும் செய்யவில்லை. நின்றேன். ஆனால் நான் முதுகை நிமிர்த்தி நின்றால் என் வகுப்பில் ஐம்பது பெண்கள் வாயை மூடுவார்கள். அது எனக்குத் தெரிந்தே நின்றேன். இந்த வாக்கியத்தை எழுதப் பத்து வருடம் ஆனது.)

தியோடரின் வாய் மூடிக்கொண்டது. முனியப்பன் அவனைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"நான்தான் சார். நேத்து மக சின்னத்தாயிக்கு பிரசவ வலி. அவசரத்துல என்னமோ தெச்சிட்டேன்."

ஆராவமுதன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, சத்தம் போடாதே. நாம பேட் பண்றதுக்கு முன்னாடி அதைப் பிரிச்சு எடுத்துடு. முடிஞ்சுது."

"இல்ல சார். அவங்க மறுபடி முதல்லேர்ந்து ஆடட்டும்."

"பைத்தியமா உனக்கு? அங்க லோபோ உக்காந்திண்டிருக்கார். ஏழு விக்கெட்டுப்பா!"

"ஏழும் என்னுது இல்ல சார்."

தகராறு கோவிந்தப்பாவிடம் போனது. அவர் நீண்ட நேரம் யோசித்தார். "மறுபடி ஆடச் சொல்லி ரூல் புக்குல இல்ல," என்றார். பிறகு, "ஆடக் கூடாதுன்னும் இல்ல," என்றார். எதிரணிக்குக் கசக்குமா?

6

முனியப்பன் ஒட்டைப் பிரித்தெடுத்தார். கிழிசலின் இரண்டு முனைகளையும் கயிற்றால் இழுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, படுக்கவைத்துக் கட்டினார். பத்து நிமிடம். பாய் பலகைபோல் ஆனது.

மதியம் தியோடரின் பந்துகள் அவனுடைய சொந்த உயரத்துக்கே எழும்பின. கீப்பர் பழைய இடத்துக்கு வந்தார். சவரிமுத்து இடதுகையால் வெளுத்து வாங்கினார். ஒரு பந்து வேலியைத் தாண்டிக் குதிரை வண்டியில் விழுந்து, வண்டி ஊருக்குள் போய்விட்டது. மாற்றி எடுத்த பந்தும் அடுத்து நாலுக்குப் போனது.

வேறு யாராக இருந்தாலும் ஆத்திரப்பட்டிருப்பார்கள். தியோடர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சவரிமுத்துவிடம் பேசினான்.

"நாலு போச்சு, சரி. ஆனா முன்கால் எங்கப்பா போவுது உனக்கு? எவனாவது கால்ல போட்டா முட்டி பேந்துடும். காலப் பந்துகிட்ட கொண்டா."

"நீ பந்த போடு வாத்யாரே, காலு என்னுது."

"அதே பந்து போடறேன். பாரு."

அதே பந்தைப் போட்டான். சவரிமுத்து காலை நகர்த்தி அடித்தார். முந்தையதைவிட நேர்த்தியான நாலு. தியோடர் கைதட்டினான்.

"தியோடர்!" என்று ஆராவமுதன் கத்தினார். "நீ எந்த டீம்னு கொஞ்சம் சொல்றயா?"

அன்று மதியம் தியோடருக்கு விக்கெட் கிடையாது. அறுபத்துமூன்று ரன் கொடுத்தான். அணி தோற்றது. ஆராவமுதன் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

லோபோ எழுந்துவந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நல்ல சொல்லோ கெட்ட சொல்லோ, குடும்பத்தில் ஒருவர் கேட்க வேண்டும் இல்லையா?

"நான் பௌலர் தேடி வந்தேன், மேன்," என்றார். "பௌலர் காலையில இருந்தான், மதியம் காணோம். பரவால்ல. உன்னை அடிக்கிறவனுக்கே அடிக்கச் சொல்லிக் குடுக்கிறே. எங்க பசங்களுக்கு அது போதும். கோச்சா வர்றியா?"

தியோடர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். என் தம்பியின் பெயர் சுத்தமாகிவிட்டது. திருட்டு விக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனான் என்று நிரூபித்தாயிற்று. நான்காவது வரைவில் இங்கே பேனாவை மூடிவைத்தேன். படித்துப் பார்த்தபோது ஓர் ஆள் பாக்கி இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் இருந்தவர்: ஒருத்தி.

கோயிலுக்குப் போய்த் திரும்பிய நான் குறுக்கு வழியாக மைதானத்தில் நடந்தேன். சோதித்துப் பார்க்கப் பாயை விரித்திருந்தார்கள். கிழிசல் தெரிந்தது. மகளின் பிரசவத்துக்காகத் தொம்மலூருக்கு ஓடிய முனியப்பன், காலையில் வந்து தைப்பதாகச் சொல்லிப் போயிருந்தார். மறுநாள் வெளிநாட்டு விருந்தாளி வருகிறார். என் தம்பி ஓடும் பாய் பிச்சைக்காரன் வேட்டிபோல் கிடக்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சணல் நூலும் கோணி ஊசியும் எடுத்தேன். ஒட்டுப் போடத் தென்னைநார்த் துண்டு வேண்டுமே? வாசலில் மிதியடி இருந்தது.

நல்ல ஒட்டு வெளியே தெரியக் கூடாது என்று எட்டு வருடமாகப் பாடம் நடத்திவந்தவள் நான். அடியில் வைத்துத் தைத்தேன். மறுநாள் அதிகாலை பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு ஓடிவந்த முனியப்பன், கிழிசல் மூடியிருப்பதைப் பார்த்து, யாரோ புண்ணியவான் என்று நினைத்து ஆணியை அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தக் கிளப்பும் பெரிய ஆட்டங்களுக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஒரு பங்களாவில் தோட்ட வேலைக்குப் போனார்.

தியோடர் நைரோபியிலிருந்து மாதம் ஒரு கடிதம் போடுகிறான். அங்கேயும் பாய்தான், கிழிந்தால் படுக்கவைத்துக் கட்டும் முறையை அவன் சொல்லிக்கொடுத்து, அவனிடம் பழகும் இளைஞர்கள் அதற்கு 'முனியப்பன் கட்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். பத்து வருடமாக எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: "அக்கா, மிதியடி வாங்கினாயா?"

நான் வாங்கவில்லை.

8

போன வாரம் தொம்மலூருக்குப் போனேன். இந்தப் பகுதியை அலங்கரிக்கப் போவதில்லை. முனியப்பன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டீச்சரம்மா. மிதியடி இருக்குது, பாத்து வாங்க. தெச்சிடாதீங்க."

உள்ளே சின்னத்தாயி சிரிப்பது கேட்டது.

"முனியப்பன், அந்த விஷயத்தை எழுதப் போறேன். உங்க பேர் கெட்டுப்போச்சு. என்னாலதான்."

அதுவரை நான் அவரை 'நீ' என்றுதான் சொல்லிவந்தேன். அவர் கவனித்தார், காட்டிக்கொள்ளவில்லை.

"எழுதுங்க. பத்து வருசமா அதான் பேஜாரு."

"திருட்டுப் பேர்தானே?"

"திருட்டுப் பேரு போவட்டும்மா, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இருக்குது. அந்தத் தையல என் தையல்னு ஊரே நம்பிடுச்சே! அதான் தாங்கல. பாய்க்கு எவனாவது அடியில ஒட்டுப் போடுவானா? மொனையோட மொனை சேத்து இழுக்கணும். எங்கப்பன் உசுரோட இருந்திருந்தா என்னைக் கட்டி வெச்சு ஒதச்சிருப்பான்."

எனக்கும் முதுகு நிமிர்ந்தது. "என் தையல் வெளியே தெரியவே இல்லையே."

"தெரியல," என்றார் முனியப்பன். "பந்துக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் உங்க வேலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க எழுந்து நின்னீங்களே. சனவரி இருபத்தாறு வேற, ஜனகணமன பாடற மாரி நின்னீங்க. குந்துவீங்க, குந்துவீங்கன்னு பாத்தேன். குந்தல. யாராச்சும் ஒருத்தர் எதனா சொல்லணுமே? தம்பி ஊரு தாண்டிப் போற நேரம்." மண்வெட்டியைத் தரையில் ஒரு குத்து குத்தினார். "இப்பனா குந்துங்கம்மா. காபி வருது."

உட்கார்ந்தேன்.

9

முடிவு எழுதத் தெரியவில்லை. மூன்று இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஜனவரியில் தியோடர் விடுப்பில் வருகிறான். வாசலில் சிவப்புக் கரை போட்ட புது மிதியடி. அதை மிதிக்காமல் தாண்டிக் குதித்து உள்ளே வருகிறான்.

அல்லது, ஆராவமுதன் இதைப் படித்துவிட்டு இறுதி ஆட்டத்துக்குப் பாய் விரிக்க முனியப்பனைக் கூப்பிடுகிறார். அவர், "ரோசாச் செடிக்குத் தண்ணி விடணும், டயம் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, விடியுமுன் போய் நிற்கிறார்.

அல்லது, கல்யாணத்தில் பேசிய அந்த மனிதர் என் வீட்டுக்கே வந்து, தான் அன்று மைதானத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறா— இது வேண்டாம். இப்படி ஒருவரும் செய்ய மாட்டார்கள். பத்து வருடம் ஆகும்.

எந்த முடிவை வைத்தாலும் எனக்குச் சம்மதம். லோபோவின் தொப்பியையும் உங்கள் விருப்பத்துக்கே விட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

1957 ஜனவரி 25 மாலை அந்தப் பாயைத் தைத்தவர் முனியப்பன் என்று சொல்லப்படுவது தவறு. அவர் அப்போது தொம்மலூரில் இருந்தார். தைத்தவள் நான்.